ஓட்டைப் படியில் அளந்த சரக்கு: உயர்விலை இயர்போன்களை ஒப்பிடும் முறை



அரிசி வாங்கப் போகிற நாம் சாக்கின் மேல் அச்சிட்ட பெயரைப் பார்த்து விலை பேசுவதில்லை. குத்தூசி விட்டு எடுத்து, உள்ளங்கையில் கொட்டி, நொய் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்த்து, இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்த பிறகுதான் விலைக்கு வருகிறோம். அப்படிப்பட்ட நாமே பழக்கமில்லாத சரக்கை வாங்கும்போது விலைச்சீட்டையும் விளம்பரத்தையும் நம்பிவிடுகிறோம். காதுக்குள் செருகிக் கேட்கும் உயர்விலை இயர்போன் அத்தகைய சரக்குகளில் ஒன்று. 'இன்-இயர் மானிட்டர்' என்று அதற்குப் பெயர். 30 ஆயிரம் ரூபாயில் தொடங்கி, ஒன்றரை லட்சத்தையும் தாண்டி விற்கிறது.

'மளிகைக் கடைக்காரனுக்கு இதில் என்ன வேலை?' என்று கேட்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் இதை வாங்குகிறார்கள். பணம் பல நேரங்களில் நம் கல்லாவிலிருந்து போகிறது. நம்மில் சிலர் செல்போன் உதிரிச் சரக்கும் சேர்த்து விற்கிறோம். ஆகவே தெரிந்துகொள்வது நல்லது.

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் மகன் சம்பளத்தில் மாதாமாதம் மிச்சம் பிடித்து, 80 ஆயிரத்துக்கு மேல் கொடுத்து ஒரு இயர்போன் வாங்கினான். ஒரு வாரத்தில் முகம் வாடிவிட்டது. 'தகர டப்பாவில் தட்டுவது போல இருக்கிறது, பாதி விலைக்குக் கேட்கிறார்கள், தள்ளிவிடப் போகிறேன்' என்றான். கோயில் திருவிழாக்களுக்கு ஒலி அமைக்கும் நண்பர் ஒருவர் தற்செயலாகக் கடைக்கு வந்தார். இயர்போனை வாங்கிப் பார்த்தவர், 'பெட்டி எங்கே?' என்று கேட்டார். பெட்டியின் அடியில் பல அளவுகளில் நுனி ரப்பர்கள் பிரிக்கப்படாமல் அப்படியே கிடந்தன. இடது காதுக்கு ஓர் அளவு பெரியதை மாட்டச் சொன்னார். பையன் காதில் வைத்தான். மிருதங்கத்தின் தொப்பி ஒலி அப்போதுதான் வந்தது. 40 ஆயிரம் ரூபாய் நட்டத்தைத் தடுத்தது, பெட்டியோடு இலவசமாக வந்த ஒரு ரப்பர் துண்டு. விற்ற கடையில் இதை ஒருவரும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையின் சாரமும் அதுதான்: முதலில் பொருத்தம், பிறகு ஒலி, கடைசியில் விலை.

எங்கிருந்து வந்த சரக்கு?

இந்தக் கருவிக்கு இரண்டு தாய்வீடுகள் உண்டு. ஒன்று, காது கேளாதவர்களுக்கான செவித்துணைக் கருவி. அமெரிக்காவில் மீட் கில்லியன் என்ற ஒலியியல் அறிஞர் 1983-ல் எட்டிமோட்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். செவித்துணைக் கருவிகளில் பயன்படும் நுண்ணிய ஒலி உறுப்பை வைத்து, 1991-ல் ஈ.ஆர்.4 என்ற இயர்போனை அந்நிறுவனம் வெளியிட்டது. இசை கேட்பதற்காகக் காதுக்குள் ஆழமாகச் செருகும் கருவிகளுக்கு அது முன்னோடி.

இன்னொன்று, இசை மேடை. பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் தம் ஒலி தமக்கே கேட்க வேண்டும் என்பதற்காக மேடையில் அவர்களை நோக்கி ஒலிபெருக்கி வைப்பது வழக்கம். பேரிரைச்சல் உள்ள ராக் இசை மேடைகளில் அதுவே காதைக் கெடுத்தது. வான் ஹேலன் என்ற அமெரிக்கக் குழுவின் ஒலிப் பொறியாளரான ஜெர்ரி ஹார்வி, அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதுக்குள் பொருந்தும் கருவியைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து 1995-ல் பிறந்ததுதான் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம். 2008-ல் அதை லாஜிடெக் வாங்கியது.

மருத்துவக் கருவியாகவும் தொழிற்கருவியாகவும் பிறந்த சரக்கு இது. இரண்டு இடத்திலும் காதை இறுக்கமாக மூடி நிற்பதுதான் அதன் முதல் வேலை. விளம்பரங்களில் இந்தச் செய்தி பின்னுக்குப் போய்விட்டது.

உள்ளே இருப்பது என்ன?

இயர்போனுக்குள் ஒலி எழுப்பும் உறுப்புக்கு 'டிரைவர்' என்று பெயர். பெரும்பாலும் இரண்டு வகை புழக்கத்தில் உள்ளது.

முதல் வகை 'டைனமிக்'. வீட்டு ரேடியோவின் ஒலிபெருக்கியைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்கியது போன்றது. காந்தம், கம்பிச்சுருள், மெல்லிய சவ்வு ஆகியவை இதன் உறுப்புகள். அடித்தொனி, அதாவது 'பாஸ்', இதில் அழுத்தமாக வரும்.

இரண்டாம் வகை 'பேலன்ஸ்டு ஆர்மேச்சர்'. செவித்துணைக் கருவியிலிருந்து வந்தது. காந்தங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய உலோக நாக்கு அசைந்து, நுண்ணிய ஊசி வழியாகச் சவ்வை அசைக்கும். மிகச் சிறியது என்பதால், தாழ்ந்த ஒலிக்கு ஒன்று, நடுத்தர ஒலிக்கு ஒன்று, உச்ச ஒலிக்கு ஒன்று என்று ஒரே கூட்டுக்குள் பலவற்றை அடுக்கலாம்.

இதை வைத்துத்தான் 'எங்களுடையதில் 5 டிரைவர்', 'எங்களுடையதில் 12 டிரைவர்' என்று விளம்பரம் செய்கிறார்கள். சாம்பார்ப் பொடியில் சேர்ந்த சாமான்களின் எண்ணிக்கை ருசியைச் சொல்லுமா? விகிதமும் வறுபதமும்தான் சொல்லும். ஒரே ஒரு டைனமிக் டிரைவரோடு லட்ச ரூபாய்க்கு மேல் விற்கும் பெயர்பெற்ற கருவியும் இருக்கிறது; அதைப் பின்னர் பார்ப்போம்.

பொருத்தம் ஏன் முதலில்?

வயது வந்தவரின் காதுக்குழாய் சுமார் 25 மில்லிமீட்டர் நீளம். நேராக இராது, வளைந்து செல்லும். ஆளுக்கு ஆள் அளவு வேறுபடும்; ஒரே ஆளின் இடது காதும் வலது காதும் ஒன்றாக இருப்பதில்லை.

இயர்போன் செருகப்பட்டதும், அதன் நுனிக்கும் செவிப்பறைக்கும் இடையே சிறு காற்றறை உருவாகிறது. டிரைவரின் சவ்வு அசைந்து இந்தக் காற்றை அமுக்கியும் தளர்த்தியும் ஒலியைத் தருகிறது. அறையில் கசிவு இருந்தால் மெதுவாக அசையும் தாழ்ந்த ஒலிகளின் அழுத்தம் ஓட்டை வழியே வெளியேறிவிடும். வேகமாக அதிரும் உச்ச ஒலிகளுக்கு அவ்வளவு நட்டம் இல்லை. விளைவு, பாஸ் போய் கீச்சென்ற ஒலி மட்டும் மிஞ்சுகிறது. அடியில் ஓட்டை விழுந்த படியால் அளந்துவிட்டு, 'சரக்கு குறைகிறது' என்று மூட்டையைக் குறை சொல்வது போன்றதே இது. என் மகன் செய்த தவறும் அதுதான்.

கசிவு இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. ஆழமும் சரியாக இருக்க வேண்டும். நுனிக்கும் செவிப்பறைக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்து, உச்ச ஒலியில் ஏதாவது ஓரிடத்தில் ஓசை எகிறும். பெரும்பாலும் இது 8,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். ஆழமாகச் செருகினால் எகிறும் இடம் இன்னும் மேலே நகரும்; மேலோட்டமாகச் செருகினால் கீழே இறங்கும். கீழே இறங்கினால் பாட்டில் வரும் 'ஸ', 'ஷ' ஓசைகள் காதைக் குத்தும். ஒரே கருவியை ஒருவர் 'இனிமை' என்றும் இன்னொருவர் 'காரம்' என்றும் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நுனி வகைகள்

சிலிக்கோன் ரப்பர் நுனி பரவலாகக் கிடைப்பது. கழுவலாம், நெடுநாள் உழைக்கும். அளவு சரியாக இருந்தால்தான் கசிவு நிற்கும்.

ஃபோம் நுனியை விரலால் உருட்டிச் சிறிதாக்கிச் செருகி, சில விநாடிகள் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அது விரிந்து காதுக்குழாயின் வடிவத்துக்கே வரும். கசிவு எளிதில் நிற்கும். உச்ச ஒலி சற்று அடங்கும். ஆனால் வியர்வையும் அழுக்கும் ஏறி விரைவில் கெடும். இது திரும்பத் திரும்ப வரும் செலவு.

மூன்று அடுக்குள்ள நுனி குடை மேல் குடை வைத்தது போல இருக்கும். ஆழமாகச் செல்லும். பழகாதவர்களுக்கு முதலில் தொல்லையாகத் தோன்றும்.

இவை தவிர, காதின் அச்சை எடுத்து அவரவர்க்கென்றே வார்க்கும் முறையும் உண்டு. செவியியல் நிபுணர் காதுக்குள் பசை போன்ற பொருளைச் செலுத்தி அச்சு எடுப்பார். தாடை அசையும்போது காதுக்குழாயின் வடிவமும் மாறுவதால், பாடகர்களுக்கு வாயைத் திறந்த நிலையில் அச்சு எடுப்பது வழக்கம். பொருத்தத்தில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் வணிகர் பார்வையில் ஒரு குறை உண்டு. இன்னொருவர் காதுக்குச் சேராததால் மறுவிற்பனை மதிப்பு மிகவும் குறைவு.

ஐந்து கருவிகள், ஐந்து குணங்கள்

கீழே உள்ள விலைகள் அமெரிக்காவில் அறிமுகமானபோது வைத்த விலைகள். டாலருக்கு 85 ரூபாய் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சுங்கமும் ஜி.எஸ்.டி.யும் தனி.

எட்டிமோட்டிக் ஈ.ஆர்.4 எஸ்.ஆர்.: 2016-ல் வந்தது. 349 டாலர், சுமார் 30 ஆயிரம் ரூபாய். பக்கத்துக்கு ஒரே ஒரு ஆர்மேச்சர் டிரைவர். மூன்றடுக்கு நுனியோடு மிக ஆழமாகச் செருக வேண்டும். வெளி இரைச்சலை 35 டெசிபல் அளவுக்குத் தடுக்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். பதிவில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் தரும் கண்டிப்பான கணக்குப்பிள்ளை இது. பாஸை விரும்புகிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும். ஆழமாகச் செருகுவதைப் பொறுக்காதவர்களுக்கு ஆகாது.

ஷூர் எஸ்.இ. 846: 2013-ல் வந்தது. 999 டாலர், சுமார் 85 ஆயிரம் ரூபாய். நான்கு ஆர்மேச்சர் டிரைவர்கள். ஒலி வெளிவரும் குழாய் மெல்லியது. கம்பி காதுக்கு மேல் சுற்றி வரும். அதனால் சிறிய காதுகளுக்கும் பலருக்கு நன்றாக அமர்கிறது. குழாய்க்குள் இருக்கும் செருகியை மாற்றி ஒலியின் குணத்தைச் சற்றுக் கூர்மையாக்கலாம் அல்லது மென்மையாக்கலாம். பாஸ் நிறைவாக வரும்.

சென்ஹைசர் ஐ.ஈ. 900: 2021-ல் வந்தது. 1,299 டாலர், சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். முன்னர் சொன்ன ஒற்றை டிரைவர் கருவி இதுதான். 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர். அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த சிறிய கூடு. அதற்குள் தேவையற்ற எகிறலை உறிஞ்சும் சிறு அறைகள் வெட்டப்பட்டுள்ளன. பாஸும் உச்ச ஒலியும் எடுப்பாக வரும். கூடு சிறியது என்பதால் நெடுநேரம் வைத்திருக்கலாம்.

64 ஆடியோ யு12டி: 1,999 டாலர், சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். பக்கத்துக்கு 12 ஆர்மேச்சர் டிரைவர்கள். காதை இறுக மூடும்போது உண்டாகும் காற்றழுத்தத்தைத் தணிக்கும் சிறு அடைப்பான் இதில் உண்டு. அந்த அடைப்பானை மாற்றி, வெளிச்சத்தத்தை 20 டெசிபலோ 15 டெசிபலோ தடுக்கும்படி வைத்துக்கொள்ளலாம். காது அடைத்த உணர்வு பிடிக்காதவர்களுக்கு இது ஆறுதல். ஆனால் வெளி இரைச்சலைத் தடுப்பதில், இதைவிட ஆறில் ஒரு பங்கு விலையுள்ள எட்டிமோட்டிக்கை இது எட்டாது.

சோனி ஐ.ஈ.ஆர். இசட்1ஆர்: ஷூரை விடவும் சென்ஹைசரை விடவும் விலை கூடியது. இரண்டு டைனமிக், ஒரு ஆர்மேச்சர் என்று மூன்று டிரைவர்கள். பாஸுக்குப் பெயர் பெற்றது. ஆனால் ஜிர்கோனியம் உலோகக் கலவையில் செய்த கூடு பெரியது. காதுமடலின் குழி சிறியதாக உள்ளவர்களுக்கு இது உட்காரவே உட்காராது. அவர்களுக்கு இதன் ஒலி எத்தனை நன்றாக இருந்தாலும் பயனில்லை.

இந்த ஐந்தில் எது உயர்ந்தது என்றால், காதைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பொன்னியா, சீரகச் சம்பாவா என்று கேட்டால் சமைக்கப் போவது சாப்பாடா, பிரியாணியா என்று திருப்பிக் கேட்க மாட்டோமா?

தலைதட்டிய படியும் குவித்த படியும்

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது பலரும் செய்யும் பெரிய பிழை, ஒலியளவைச் சமமாக வைக்காததுதான். ஷூர் எஸ்.இ. 846 குறைந்த மின்சக்தியிலேயே உரக்க ஒலிக்கும். எட்டிமோட்டிக்குக் கூடுதல் சக்தி வேண்டும். போனில் ஒலியளவை மாற்றாமல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால், உரக்க ஒலிப்பதுதான் நல்லதாகத் தோன்றும். சிறிது கூடுதல் சத்தத்தைக்கூட நம் மனம் 'கூடுதல் தரம்' என்று எடுத்துக்கொள்ளும். அதோடு, சத்தம் கூடக் கூடப் பாஸும் நம் காதுக்கு அதிகமாகக் கேட்கும். இதை பிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டினார்கள். ஒன்றைத் தலைதட்டிய படியிலும் மற்றொன்றைக் குவித்த படியிலும் அளந்து ஒப்பிடலாமா?

இன்னொரு செய்தி, பாட்டு வரும் பெட்டியைப் பற்றியது. பல ஆர்மேச்சர் டிரைவர்கள் கொண்ட கருவிகளின் மின்தடை மிகக் குறைவு, எஸ்.இ. 846-ல் 9 ஓம் மட்டுமே. ஒலிக்கு ஒலி அந்தத் தடை மாறவும் செய்யும். போனோ, ஒலிபெருக்கிப் பெட்டியோ தன் பக்கத்தில் அதிகத் தடை உடையதாக இருந்தால், இயர்போனின் குணமே மாறிவிடும். இயர்போனின் தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் பெட்டியின் தடை இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. ஆகவே வீட்டில் எதில் கேட்கப் போகிறோமோ, அதையே கடைக்கு எடுத்துச் சென்று கேட்பது நல்லது.

விலை கூடினால் தரம் கூடுமா?

ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 2017-ல் 283 ஹெட்போன், இயர்போன் வகைகளின் ஒலி அளவீடுகளையும் சில்லறை விலைகளையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒலியின் ஏற்ற இறக்க அமைப்புக்கும் விலைக்கும் தொடர்பு இல்லை என்பதே அவர் கண்ட முடிவு. விலை கூடிய கருவிகள் எல்லாம் வீண் என்று இதற்குப் பொருள் அல்ல. கூட்டின் உழைப்பு, மாற்றக்கூடிய கம்பி, உத்தரவாதம், நுண்ணிய வேலைப்பாடு ஆகியவற்றுக்கும் விலை உண்டு. ஆனால் விலைச்சீட்டைப் பார்த்து ஒலியை ஊகிக்க முடியாது.

பொருத்தத்தின் அருமையைப் பெரிய நிறுவனங்களும் உணர்ந்துள்ளன. 2019-ல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஏர்பாட்ஸ் புரோவில், நுனி சரியாகப் பொருந்தியதா என்று கருவியே ஒலி எழுப்பிச் சோதித்துச் சொல்லும் ஏற்பாடு வைத்தார்கள்.

காது திரும்பக் கிடைக்காது

பணம் போனால் சம்பாதிக்கலாம். செவியின் உள்ளே உள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் வளர்வதில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட பாதுகாப்புத் தரத்தின்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலியளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 83 டெசிபலில் 20 மணி, 86-ல் 10 மணி, 89-ல் 5 மணி.

பொருத்தம் இங்கும் வந்து நிற்கிறது. கசிவுள்ள இயர்போனோடு பேருந்தில் போகிறவர், இரைச்சலை மீறிக் கேட்பதற்காக ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போவார். நன்றாக மூடிய இயர்போனில் குறைந்த ஒலியிலேயே எல்லாம் தெளிவாகக் கேட்கும். ஆனால் அதை மாட்டிக்கொண்டு சாலையில் நடப்பதும் வண்டி ஓட்டுவதும் கூடவே கூடாது. பின்னால் வரும் லாரியின் ஹாரனையும் அது தடுத்துவிடும்.

வாங்குவோரும் விற்போரும் நினைவில் கொள்ள வேண்டியவை

1. பெட்டியில் உள்ள எல்லா நுனிகளையும் மாட்டிப் பார்க்க வேண்டும். இரு காதுக்கும் ஒரே அளவுதான் என்று நினைக்கக் கூடாது.

2. செருகும்போது மற்றொரு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்தால் குழாய் நேராகி நன்றாக அமரும்.

3. மாட்டிய பிறகு கருவியை மெல்ல உள்ளே அழுத்திப் பார்க்கவும். அழுத்தும்போது மட்டும் பாஸ் கூடினால் கசிவு இருக்கிறது என்று பொருள். வாயைத் திறந்து மூடினாலும் ஒலி மாறக் கூடாது.

4. ஒப்பிடும்போது நன்கு பழகிய ஒரே பாட்டை, ஒரே ஒலியளவில் கேட்கவும்.

5. அரை மணி நேரமாவது காதில் வைத்திருந்து பார்க்கவும். ஐந்து நிமிடத்தில் தெரியாத வலி அரை மணியில் தெரியும்.

6. பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேட்டு, பில்லில் எழுதி வாங்கவும். காதில் வைத்த பொருளைப் பல கடைகள் சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுப்பதில்லை.

7. விற்கும் நம்மவர்கள், சோதித்துக் கேட்பதற்கென்று ஒரு மாதிரியைத் தனியாக வைத்து, ஒவ்வொருவருக்கும் புதிய அல்லது நன்கு கழுவி உலர்த்திய நுனியைத் தர வேண்டும். தனி நுனிகளையும் இருப்பில் வைக்கலாம். முதல் குறைவு, தேவை நிரந்தரம்.

வாடிக்கையாளர் 100 ரூபாய்க்கு வாங்கினாலும் லட்ச ரூபாய்க்கு வாங்கினாலும், 'ஒரு அளவு பெரிய நுனியைப் போட்டுப் பாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்ல நமக்குச் செலவு ஒன்றும் இல்லை. அந்த ஒரு வார்த்தையை என் மகனுக்குச் சொல்லியிருந்தால், அந்தக் கடைக்கு நாங்கள் மறுபடியும் போயிருப்போம்.